பட்டியலில் நான் எழுதிய பெயர்

உங்கள் நியமனக் கடிதத்தில் 'கட்டுவிப்பவரின் பிரதிநிதி' என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். எனக்கும் நிமிர்ந்தது. ஆனால் எங்கள் ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கல்முனையில் எல்லோருக்கும் நான் கட்டட வேலையை மேற்பார்க்கிற 'ஓவசியர்'தான். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் சந்தையில் மீன்காரர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அனுபவம் சொல்ல வாருங்கள் என்று உங்கள் அலுவலகத்தில் அழைத்தார்கள். கட்டிய கட்டடங்களைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் இன்னும் நிற்கின்றன. அவற்றுக்கு என்னுடைய சிபாரிசு தேவையில்லை. நான் சொல்லப்போவது ஒரு தாளில், ஒரு கட்டத்துக்குள், என் கையால் எழுதிய ஒரு பெயரைப் பற்றி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதி வைத்துக்கொண்டு வாசித்தால் நடுவில் ஓட முடியாது என்பதற்காகத்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்.

நான் வேலை பழகியது எழுபதுகளில், அரசாங்கக் கட்டடங்களில். என் முதல் மேலதிகாரி ஒரு கெட்டிக்காரர். மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தே அதில் உப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கொந்தராத்துக்காரர்கள் அவருடைய சைக்கிள் மணியைக் கேட்டாலே சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார்கள். அவரைப் பொறுத்தவரை கட்டுவிப்பவர் என்றால் அரசாங்கம். அரசாங்கம் வந்து அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை. ஆகவே யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை, கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். நான் அவரிடம் கண்ணைத் திறந்து வைத்திருக்க மட்டும் பழகிக்கொண்டேன்.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தது. எங்கள் கரையில் கூரையோடு இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணலாம். அதன் பிறகு உதவி நிறுவனங்கள் வந்தன. ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஊருக்குத் தெற்கே, மரமெல்லாம் முறிந்து கிடந்த ஒரு தென்னங்காணியை வாங்கி முப்பத்தாறு வீடு கட்ட முடிவு செய்தது. அவர்களுடைய பொறியியலாளர் ஒரு வெள்ளைக்காரர். கொழும்பில் இருந்து மாதம் ஒருமுறை வருவார், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நடப்பார், பார்ப்பார், போய்விடுவார். மற்ற நாளெல்லாம் அவர்களுக்காக அங்கே நிற்பதற்கு என்னை நியமித்தார்கள். அப்போதுதான் அந்த நீளமான பதவிப் பெயர் எனக்குக் கிடைத்தது.

ஆனால் என் வேலை மாறிவிட்டது என்பது எனக்குப் புரியவில்லை. பழைய வேலைக்குப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

உங்களில் வெளியூர்க்காரருக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் பிறந்த நாளிலிருந்து வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அந்த வீட்டு நினைப்புத்தான். கல்யாணமானதும் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்கு வருவார். பெற்றவர்கள் அந்த வீட்டை மகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அதே வளவுக் காணியில் ஒரு மூலையில் சின்னதாக ஒன்றைக் கட்டி ஒதுங்கிவிடுவார்கள். நானும் அப்படி ஒரு பெட்டியோடு வந்தவன்தான். இன்றைக்கும் என் மனைவியின் வீட்டில்தான் சோறு தின்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் அத்திவாரத்துக்குக் கட்டை அடித்து நூல் பிடித்துக்கொண்டிருந்தோம். றகுமத்தும்மா என்று ஒரு பெண், பத்து, பன்னிரண்டு வயதில் இரண்டு மகள்மாரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவருக்கென்று ஒதுக்கியிருந்த துண்டு அது. அவருடைய கணவர் சாரன் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்பவர். அன்றைக்கும் எங்கேயோ போயிருந்தார்.

"ஓவசியர் நானா, இந்த நூல ஆரு நடு வளவுல கட்டச் சொன்ன?"

"படத்துல அப்படித்தான் இரிக்கி, தங்கச்சி."

"படம் கீறினவருக்குப் பொம்புளப் புள்ளைகள் இல்லயா? எனக்கு ரெண்டு பேர் இரிக்கா. மூத்தவளுக்கு இந்த ஊடு. இளையவளுக்கு நான் எங்க கட்டுற? கூரைக்கு மேலயா?"

மேசன்மார் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது சரி. வீட்டை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் எதற்கும் உதவாத ஒடுக்கமான துண்டுகள்தான் மிஞ்சும். ஒரு பக்கமாகத் தள்ளினால் மறுபக்கம் இன்னொரு வீட்டுக்கு இடம் கிடைக்கும். வேலையை நிறுத்திவிட்டு, அடுத்த நாள் வரவிருந்த பொறியியலாளருக்காகக் காத்திருந்தேன். அவர் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன்.

"தள்ளினால் வீடு விழுமா?" என்று கேட்டார்.

"விழாது."

"அப்படியென்றால் தள்ளுங்கள். உங்கள் ஊர் வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். முப்பத்தாறு வீட்டையும் வளவின் ஒரு பக்கமாகத் தள்ளிக் கட்டினோம். பெண்களுக்கு என்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. றகுமத்தும்மா அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும் கொடுத்தனுப்பினார். தலை கால் புரியாத பெருமை எனக்கு. 'நான் சொன்னால் வெள்ளைக்காரன் கேட்பான்' என்று பள்ளிவாசல் வாசலில், தேத்தண்ணிக் கடையில், மச்சான்மாரிடம் எல்லாம் அளந்து திரிந்தேன். அந்தப் பொறியியலாளர் சொன்ன கடைசி வசனத்தை மட்டும் நான் காதில் வாங்கவில்லை.

வீடுகள் முடிந்தன. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். பெரிய ஆட்கள் வருகிறார்கள், பந்தல் போடுகிறார்கள், காணி உறுதிப் பத்திரங்களை மேடையில் வைத்துக் கையில் கொடுக்கப்போகிறார்கள். உறுதி எழுதும் நொத்தாரிசுக்கு என்னிடமிருந்து ஒரு பட்டியல் வேண்டும். வீட்டு இலக்கம், உரித்தாளர் பெயர், அடையாள அட்டை இலக்கம். அந்தப் படிவத்தைக் கொழும்பில் இருந்து அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கிடைத்தது இரண்டே நாள்.

பெண்கள் பலரிடம் அடையாள அட்டை இல்லை. படம் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் பலர் அட்டை எடுக்கவில்லை. இருந்தவர்களுடையதும் சூறாவளியோடு போய்விட்டது. ஆண்களிடம் இருந்தது, சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஓடியவர்கள் அவர்கள். நான் ஓலைக்குடில் குடிலாகப் போய் ஆண்களின் அட்டைகளை வாங்கிப் பெயரையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டேன். வேலை கடகடவென்று ஓடியது. ஒரு பெண் கேட்கும்வரை எனக்கு எதுவுமே உறுத்தவில்லை.

றகுமத்தும்மாவின் கணவர் குடிலில் இருந்தார். அட்டையைத் தந்துவிட்டு, வெளியே சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். நான் எழுதிக்கொண்டிருந்தபோது றகுமத்தும்மா கதவருகில் நின்று கேட்டார்.

"நானா, இந்த ஊடு ஆர்ர பேர்ல?"

"அவர்ர பேர்ல."

"ஏன் அவர்ர பேர்ல?"

"அவர்ட்டதானே அட்ட இரிக்கி. மறுகா மாத்தலாம், தங்கச்சி."

அவர் நகரவில்லை. "உங்கட ஊடு ஆர்ர பேர்ல நானா?"

எனக்குக் கோபம் வந்தது. சரியான கேள்வி கேட்டவர்மேல் வருகிற கோபம், உங்களுக்கும் ஒருநாள் வரும். இன்னும் பதினைந்து வீடு எழுத வேண்டியிருந்தது. மாலைக்குள் நொத்தாரிசிடம் போக வேண்டும். நான் சொன்னது இதுதான்:

"அது நம்மட வழம. இது அவனுகள்ற காசு, அவனுகள்ற சட்டம். வெள்ளக்காரன்ட சட்டத்துல புருஷன்தான் ஊட்டுக்குப் பெரியவன். நான் என்ன செய்ற?"

"வெள்ளக்காரன்ட சட்டமா? அப்ப என்ன செய்ற" என்றார். வீட்டை நகர்த்தித் தந்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நானே சம்பாதித்து வைத்திருந்தேன், அன்றைக்கு அதை வைத்தே அவருடைய வாயை அடைத்தேன்.

அப்படி ஒரு சட்டம் இருக்கிறதா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. தபால் கந்தோருக்குப் போய்க் கொழும்புக்கு ஒரு அழைப்பு எடுத்திருக்கலாம். எடுத்தால், 'பட்டியல் முடியவில்லை' என்று சொல்ல வேண்டி வரும். வெள்ளைக்காரன் என் பேச்சைக் கேட்பான் என்று ஊரெல்லாம் அளந்தவன், ஒரு பட்டியலை நேரத்துக்கு முடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? வேறு காரணம் எதுவும் இல்லை, தம்பிமாரே, தங்கைமாரே. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

விழா நன்றாக நடந்தது. முப்பத்தாறு ஆண்கள் மேடையேறி உறுதி வாங்கினார்கள். பெண்கள் பந்தலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

நாலைந்து வருடம் கழித்து, எண்பதுகளின் நடுவில், பள்ளிவாசலில் இருந்து ஆள் வந்தது. மரைக்கார்மார் கூடுகிறார்கள், ஓவசியரும் வர வேண்டுமாம். எங்கள் ஊர்களில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் இருப்பார். குடும்பத்துக்குள் வரும் பிணக்குகள் முதலில் அவர்களிடம்தான் போகும். போனேன். றகுமத்தும்மாவின் கணவர் நடுவில் இருந்தார். வியாபாரத்துக்குப் போன ஊரில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு றகுமத்தும்மாவுக்குத் தலாக் சொல்லிவிட்டார். அது காதி நீதிபதி மூலமாக முடிந்த கதை. இப்போது வீட்டை விற்கப்போகிறார். றகுமத்தும்மா திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் இருந்தார். மூத்த மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்த வீட்டை நம்பித்தான் பேசினார்கள்.

றகுமத்தும்மாவின் குடிக்கு மரைக்காராக இருந்தவர் வயதானவர். அவர் அந்த மனிதரிடம் அமைதியாகச் சொன்னார்:

"தலாக் சொன்னா உடுப்புப் பெட்டிய எடுத்துக்கிட்டு வெளிக்கிடுறதுதானே தம்பி நம்மட வழம. ஊடு பொம்புளட."

அந்த மனிதர் சாரன் மடிப்பில் இருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். அதற்குள் இருந்து உறுதியை எடுத்து மரைக்காரிடம் நீட்டினார். மரைக்கார் கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓவசியர், இது என்ன? நீங்கதானே பட்டியல் எழுதின?"

இந்த இடத்தைத்தான் நான் இன்றைக்கும் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அந்த மனிதர் ஊர் வாய்க்குப் பயந்தவர். 'அட்டை இல்லை என்பதற்காக மட்டும் இவருடைய பெயரை எழுதினேன். பிறகு மாற்றலாம் என்று சொன்னேன். அன்றைக்கே இந்தத் தங்கச்சி கேட்டார், நான்தான் தட்டிக்கழித்தேன்' என்று அந்தச் சபையில் நான் சொல்லியிருந்தால், மரைக்காருக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அதை வைத்து அவரை மடக்கியிருப்பார். திருப்பி எழுத வைத்திருப்பார் என்றே நினைக்கிறேன். சட்டத்தில் செல்லுமோ இல்லையோ, அந்த ஊரில் செல்லும்.

நான் சொன்னேன்: "அவனுகள்ற சட்டம் அப்படி, மரைக்கார்."

மரைக்கார் உறுதியை மடித்து அந்த மனிதரிடமே கொடுத்தார். "அப்ப நம்மட வாய் செல்லாது" என்றார்.

வீடு விற்கப்பட்டது. சம்பந்தமும் போய்விட்டது. றகுமத்தும்மா மகள்மாரோடு மாவடிப்பள்ளியில் இருந்த தன் ராத்தாவின், மூத்த சகோதரியின், வளவுக்குப் போனார். வீட்டை வாங்கியவர், இளைய மகளுக்கென்று நான் வெற்றிகரமாக மிச்சம் பிடித்துக் கொடுத்த பக்கத்தில் ஒரு சில்லறைக் கடை போட்டார். நான் அந்தப் பாதையால் போவதை நிறுத்திவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, எங்கள் வீட்டு உறுதியை எடுத்து, தன்னுடைய பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். பிறகு எனக்குச் சோறு போட்டாள்.

அடுத்த வருடம் அதே நிறுவனம் இன்னொரு வீட்டுத் திட்டத்தோடு வந்தது. அதே பொறியியலாளர், தலைமுடி மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. கல்முனை வாடி வீட்டு விடுதியில் சந்தித்தோம். நான் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆங்கிலத்தில் கேட்டேன், இந்தமுறை உறுதிகளைப் பெண்களின் பெயரில் எழுத வேண்டும், அதற்கு உங்கள் சட்டத்தைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று.

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எந்தச் சட்டம்?"

"வீடு கணவன் பெயரில் இருக்க வேண்டும் என்ற சட்டம்."

"அப்படி எங்களிடம் ஒன்றும் இல்லையே. உரித்தாளர் பெயர் என்றுதான் படிவத்தில் இருந்தது. அதில் யாரை எழுதுவது என்று நீங்கள்தான் முடிவு செய்தீர்கள்."

படிவத்தில் அட்டை இலக்கம் கேட்டிருந்ததைச் சொன்னேன். இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பியிருக்கலாமே, விழாவைத் தள்ளி வைத்திருக்கலாமே, அது வெறும் விழாதானே என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் சொன்னார்: "சீமெந்தைப் பார்க்க எங்களுக்கு யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். எங்களுக்குத் தெரியாததைச் சொல்வதற்காகத்தான் உங்களை வைத்தோம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. வீட்டை நகர்த்தும்போது இதையேதான் அவர் என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த இரண்டாவது திட்டத்தில் எல்லா உறுதியும் பெண்களின் பெயரில் எழுதப்பட்டது. அட்டை எடுக்கும்வரை விழா மூன்று மாதம் தள்ளிப்போனது, வானம் இடிந்து விழவில்லை. முதல் திட்டத்தின் வீடு வீடாகவும் போனேன். மாற்றி எழுதுங்கள் என்று கெஞ்சினேன். பதினொரு பேர் மாற்றினார்கள். மற்றவர்கள் சிரித்துக்கொண்டு தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்தப் பெண்களின் கூரை அந்த நல்ல குணத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, தொங்க வைத்தவன் நான்.

நீங்கள் இப்போது செய்யும் வேலை நான் செய்ததைவிடப் பெரியது. கூட்டம், குறிப்பு, கையளிப்பு, எல்லாவற்றிலும் உங்கள் கையெழுத்து. கட்டுவிப்பவர் யார் என்று கேட்டால் காசு கொடுப்பவரைக் காட்டுவீர்கள். நானும் அவரைத்தான் காட்டினேன். கதவருகில் ஒருவர் நின்று கேள்வி கேட்டால், பேனாவை மூடிவிட்டு அவருக்குப் பதில் தேடுங்கள். தெரியாததைச் சட்டம் என்று சொல்லாதீர்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாடி வீட்டில் பேசிய மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, காரைதீவுச் சந்தியால் திரும்பி, வயல் நடுவால் மாவடிப்பள்ளிக்குப் போனேன். றகுமத்தும்மாவிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனேன். ராத்தாவின் வளவில், பின்வேலியோரம் கிடுகு ஓலையால் மறைத்த ஒரு சாய்ப்புக் கொட்டிலில் இருந்தார். மூத்த மகள் பக்கத்தில் தையல் மெசினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. றகுமத்தும்மா என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். பிளேன்டி ஊற்றித் தந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். என் முகத்தைப் பார்த்தே எதற்காக வந்திருக்கிறேன் என்று விளங்கிக்கொண்டார் போல.

"அத நினச்சி மனச உடாதீங்க நானா" என்றார். "நீங்க என்ன செய்ற? வெள்ளக்காரன்ட சட்டம். அண்டைக்கே சொன்னதானே நீங்க."

தையல் மெசின் நின்றது. மகள் என்னைப் பார்த்தாள்.

நான் "ஓம்" என்று தலையாட்டினேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.